அஞ்சாளை இருக்கும் தொட்டி

உக்கடம்,
ஆவணி 4, புதன்கிழமை.

அன்பு மகள் புவனாவுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. நானும் அம்மாவும் இங்கே நலம். அங்கே நீயும் நலம் என்றுதான் அடுத்த வரி எழுதவேண்டும். கை வரவில்லை, விட்டுவிடுகிறேன்.

அஞ்சாளைக்குத் தீனியாக வரும் இறால் பொட்டலத்துக்குள் கடிதம் இருக்கிறதே என்று பயந்துவிடாதே. வேறு வழி தெரியவில்லை. அந்த வீட்டில் இறால் பொட்டலத்தைப் பிரிப்பது நீ ஒருத்திதான். உன் மாமியாருக்கு அந்த நாற்றம் ஆகாது. மாப்பிள்ளை மோகன்குமாருக்கு வருகிற விருந்தாளிகளிடம் தொட்டியைக் காட்டுவதோடு சரி. போனில் பேசலாம் என்றால் உன் போன் எந்நேரமும் அவர் சட்டைப்பையில் இருக்கிறது. நீ பேசும்போது ஸ்பீக்கரில் போட்டிருக்கிறார்கள் என்பதும் தெரியும். போன ஞாயிற்றுக்கிழமை, சாப்பிட்டியா கண்ணு என்று உன்னைக் கேட்டேன். "சாப்பிட்டாச்சுங்க சம்பந்தி" என்று பதில் சொன்னது உன் மாமியார். படித்ததும் இதைக் கிழித்து டாய்லெட்டில் போட்டுத் தண்ணீர் ஊற்றிவிடு. மறந்துவிடாதே.

முன்பெல்லாம் உங்கள் வீட்டுக் கடல்மீன் தொட்டிக்குத் தண்ணீர் மாற்ற நம் வளர்ப்புமீன் கடைப் பையன் ரியாஸைத்தான் அனுப்புவேன். உன் கல்யாணத்துக்குப் பிறகு வியாழக்கிழமை தவறாமல் நானே காங்கேயத்துக்கு வருகிறேன். எதற்கென்று உனக்குத் தெரியும். உன் முகத்தைப் பார்க்கலாம் என்றுதான். ஆனால் உன் மாமியார் மோர் கொண்டுவரச் சமையலறைக்குப் போனால்கூடப் பாதியில் திரும்பி எட்டிப் பார்க்கிறார்.

போன வாரம் நீ முழுக்கை ஜாக்கெட் போட்டிருந்தாய். அடிக்கிற வெயிலில் எதற்கு அது என்று நினைத்துக்கொண்டே குழாயைத் தொட்டிக்குள் விட்டேன். அதற்குள் உன் மாமியார், "படியில வழுக்கி உழுந்துபோட்டாளுங்க. பாத்து நடன்னா எங்கீங்க கேக்கறா" என்றார். நான் எதுவுமே கேட்கவில்லை, கண்ணு. கேட்காததற்குப் பதில் வந்தது. உன்னைப் பார்த்தேன். "நல்லாத்தானுங்கப்பா இருக்கறேன்" என்றாய். கடையில் உட்கார்ந்தால் வாய் ஓயாமல் பேசுகிறவள் அந்த ஒன்றரை மணி நேரத்தில் பேசியது அவ்வளவுதான். வாசலில் மாப்பிள்ளையின் கார் ஹாரன் கேட்டதும் நகர்ந்துபோய்த் தொட்டியின் மோட்டார் ஓரமாக நின்றுகொண்டாய். மஞ்சள் மீனும் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அதே மோட்டாருக்குப் பின்னால்தான் ஒளிந்திருந்தது. அதன் வால் ஓரம் கிழிந்திருந்தது.

பயம் வந்தால் மீனைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவேன் என்று அம்மா திட்டுவாள். இப்போதும் அதைத்தான் செய்யப்போகிறேன், பொறுத்துக்கொள்.

கடையில் யார் வந்து ஈல், அதாவது அஞ்சாளை விலாங்கு, கேட்டாலும் நான் என்னென்ன கேட்பேன் என்று உனக்கு மனப்பாடம். அஞ்சாளைக்குக் கண் சரியாகத் தெரியாது, எல்லாம் மோப்பம்தான். வாயில் அடங்குகிற எதையும் கூடவே விடக்கூடாது. நண்டும் இறாலும் துணைக்கு ஆகாது, அது தீனி. சாதுவாக, மெதுவாக நீந்துகிற மீனும் ஆகாது. தன்னைப் பார்த்துக்கொள்ளத் தெரிந்த பெரிய மீனாக இருக்கவேண்டும். ஓடி ஒளியக் கல்லிலே பொந்து இருக்கவேண்டும். இதற்கு முன்னால் அந்தத் தொட்டியில் என்னென்ன இருந்தன, அவை என்ன ஆயின என்று கட்டாயம் கேட்கவேண்டும். உன் மாமியார் வேறு கடையில் ஆறு நீல மீன் வாங்கி விட்டாரே, நினைவிருக்கிறதா? மாதக் கடைசியில் ஒன்றுகூட இல்லை. எங்கே என்று கேட்டதற்கு, "கல்லுக்குள்ள எங்கயோ ஒளிஞ்சுட்டு இருக்குதுங்க" என்றார். நானும் சிரித்துக்கொண்டே வந்துவிட்டேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போது என்னை நானே அறைந்துகொள்ளலாம்போல் இருக்கிறது.

அந்த மஞ்சள் மீனை உங்கள் வீட்டுத் தொட்டியில் விடுவதற்கு முன்னால் இருபத்தொரு நாள் கடையில் தனியாக வைத்துப் பார்த்தேன். உன் கல்யாணத்தைப் பதினாறு நாளில் முடித்தேன். ஆடி பிறப்பதற்குள் முடித்துவிடவேண்டும் என்றார்கள், சரி என்றேன். ஜாதகத்தில் எட்டுப் பொருத்தம் என்றார்கள், ஆயில் மில்லும் பெரிய வீடும் கண்ணை மறைத்தன, சரி என்றேன். தொட்டி வைத்த அன்று நீ என்னோடு வந்து அஞ்சாளையைப் பயப்படாமல் குழாய்க்குள் ஏற்றி இறக்கியதைப் பார்த்துவிட்டு உன் மாமியார் என்ன சொன்னார் தெரியுமா? "இந்தப் புள்ளையே எங்க ஊட்டுக்கு வந்துட்டா மீனுக்கும் ஒரு ஆளாச்சுங்க." அதற்கும் சிரித்தேன். மோகன்குமாருக்கு முன்பே தாராபுரத்தில் ஒரு பெண்ணை நிச்சயம் செய்து நின்றுபோனது என் காதுக்கு வந்தது. ஏன் நின்றது என்று போய் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பெரிய இடத்தைப் பற்றி விசாரித்தால் தப்பாக நினைப்பார்கள் என்று கூச்சப்பட்டேன். கூச்சம், கண்ணு. வேறொன்றுமில்லை.

ஆடிக்கு உன்னை அழைக்க நானும் அம்மாவும் சீர்த்தட்டோடு வந்தபோது, "அனுப்பற பழக்கம் எங்களுக்கு இல்லீங்க" என்று காபி கொடுத்து அனுப்பிவிட்டார்கள். அன்றைக்கே எனக்கு உறைத்திருக்கவேண்டும். அம்மாவுக்கு உறைத்தது. பஸ்ஸில் காங்கேயம் தாண்டுவதற்குள் அழ ஆரம்பித்தவள் சூலூர் வரை நிறுத்தவில்லை.

இப்போது ஒன்று கேட்கிறேன். வாய் திறந்து எதுவும் சொல்லவேண்டாம். எழுதவும் வேண்டாம். ஈலுக்குத் தீனி கொடுக்கிற நீள இடுக்கியை எப்போதும் தொட்டியின் வலப்பக்க ஆணியில் மாட்டுவாய். நான் நினைப்பதெல்லாம் என் பைத்தியக்காரத்தனம் என்றால் அது அங்கேயே இருக்கட்டும். நான் நினைப்பது நிஜம் என்றால் அடுத்த வியாழக்கிழமை இடப்பக்க ஆணியில் மாட்டிவை. வலப்பக்கமே இருக்கவேண்டும் என்று மருதமலை முருகனுக்கு வேண்டிக்கொண்டிருக்கிறேன்.

இடுக்கி இல்லாமல் வெறுங்கையால் அதற்குத் தீனி கொடுத்துவிடாதே. உன்னிடம் பாசமாகத்தான் இருக்கிறது என்று நினைப்பாய். தொண்டைக்குள் அதற்கு இன்னொரு தாடை இருக்கிறது, கவ்வினால் உள்ளே இழுக்கும், விடத் தெரியாது.

உன் நலமே வேண்டும்,
அப்பா பாலுசாமி.

---

உக்கடம்,
ஆவணி 18, புதன்கிழமை.

என் தங்கமே, புவனா,

போன வியாழக்கிழமை உள்ளே நுழைந்ததும் முதலில் ஆணிகளைத்தான் பார்த்தேன். இரண்டிலும் இடுக்கி இல்லை. கடிதம் யார் கையிலோ சிக்கிவிட்டது என்று நினைத்தேன். பிறகுதான் பார்த்தேன், இடுக்கி உன் கையிலேயே இருந்தது. முந்தானைக்கு அடியில் இறுக்கிப் பிடித்திருந்தாய். சுண்டுவிரலில் பிளாஸ்திரி போட்டிருந்தது. உன் மாமியார் மோருக்குப் போய்ப் பாதியில் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு உள்ளே போனதும், சத்தமில்லாமல் இடப்பக்க ஆணியில் மாட்டினாய். என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நான் குனிந்து தொட்டித் தண்ணீரை அள்ளி முகம் கழுவிக்கொண்டேன். உப்புத் தண்ணீரில் யாராவது முகம் கழுவுவார்களா. உன் மாமியார் வந்து கண் ஏன் சிவந்திருக்கிறது என்று கேட்டதற்கு அதுதான் உதவியது.

சனிக்கிழமை தாராபுரம் போனேன். அந்தப் பெண்ணின் அப்பா என்னை நிற்கவைத்துத்தான் பேசினார். "இப்பத்தான் வர்றீங்களாக்கும்" என்றார். நிச்சயம் முடிந்த மூன்றாவது வாரம், போன் எடுக்கத் தாமதமானதற்காக, கோயில் வாசலில் வைத்து அந்தப் பெண்ணின் விரலைப் பின்னால் மடக்கியிருக்கிறார் மாப்பிள்ளை. சுண்டுவிரல். சிரித்துப் பேசிக்கொண்டே மடக்கினார் என்றார். அதற்கு மேல் நான் கேட்கவில்லை. கல்யாணத்துக்கு முன்னால் போயிருந்தால் அவர் என்னை உட்காரவைத்துச் சொல்லியிருப்பார்.

அம்மா ஒரு வக்கீலம்மாவைப் பார்த்துப் பேசிவிட்டாள். முதலில் பெண்ணைப் பத்திரமாக வெளியே கொண்டுவாருங்கள், அவளே வாய் திறந்து சொல்லட்டும், மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று அவர் சொல்லியிருக்கிறார். நேராக வந்து அனுப்புங்கள் என்று சண்டை போடலாம் என்றுதான் எனக்குத் தோன்றியது. அம்மா தடுத்துவிட்டாள். அன்றைக்கு அனுப்பாவிட்டால் நாம் கிளம்பிய பிறகு அந்த வீட்டுக்குள் இருக்கப்போவது நம் பெண்தான் என்றாள்.

ஆகவே இப்போது சொல்வதைக் கவனமாகப் படி. இரண்டு தடவை படி. பிறகு கிழித்துவிடு.

அடுத்த புதன்கிழமை மாப்பிள்ளை கொப்பரை ஏலத்துக்குப் போவார். மூன்று மணிக்கு முன்னால் வரமாட்டார் என்று உனக்கே தெரியும். காலையில் உன் மாமியார் பூஜை அறைக்குள் போனதும் தொட்டிக்குப் பின்னால் கறுப்பு டேப் சுற்றிய இரண்டு ப்ளக்கையும் கொஞ்சமாக வெளியே இழுத்துவிடு. பார்த்தால் செருகியிருப்பதுபோலவே தெரியவேண்டும், ஆனால் மோட்டார் நிற்கவேண்டும். கரண்ட் போனால் ஓடுகிற பேட்டரி ஏர்பம்பை ரிப்பேர் என்று சொல்லி நாளைக்கே நான் கழற்றிக்கொண்டு வந்துவிடுவேன். தண்ணீர் அசையாமல் நின்றால் வெயில் ஏற ஏற மீன்களுக்கு மூச்சு முட்டும். முதலில் மஞ்சள் மீன் மேலே வந்து வாயைத் திறக்கும். பிறகு ஈல் தலையைத் தண்ணீருக்கு மேலே நீட்டும். அப்போது நீ போய் மாமியாரிடம் மீனெல்லாம் ஒரு மாதிரி இருக்கிறது என்று மட்டும் சொல்.

அவர் எனக்குப் போன் செய்வார். உனக்குக் காய்ச்சல் அடித்த நான்கு நாளும் எங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லாதவர், மீனுக்கு உடனே செய்வார். மாப்பிள்ளை வந்து பார்ப்பதற்குள் சரியாகிவிடவேண்டும் என்ற பயம் அவருக்கும் இருக்கிறது. அதை நான் பார்த்திருக்கிறேன். வெள்ளகோவிலில் சர்வீஸுக்கு வந்திருக்கிறேன், அரை மணி நேரத்தில் வந்துவிடுகிறேன் என்பேன். நிஜத்தில் காங்கேயத்துக்கு வெளியே ஒரு பேக்கரியில் காலை எட்டு மணியிலிருந்து உட்கார்ந்திருப்பேன். கடை வண்டியை ரியாஸ் ஓட்டுவான். பின்னால் தண்ணீர் டிரம்களுக்கு நடுவில் அம்மா உட்கார்ந்திருப்பாள்.

நான் வந்ததும் தொட்டித் தண்ணீரை வாளியில் இறைப்பேன். "அம்மணி, இந்த வாளியக் கொண்டுபோய் வண்டியில வெச்சுட்டு வா" என்று சொல்வேன். கடையில் கத்துவதுபோல எரிச்சலாகத்தான் சொல்வேன், மனதில் வைத்துக்கொள்ளாதே. முதல் வாளியைக் கொண்டுபோய் வைத்துவிட்டுத் திரும்பி வா. இரண்டாவது வாளியைக் கொண்டுபோனால் திரும்பி வராதே. வண்டியில் ஏறிவிடு. ரியாஸ் கிளம்பிவிடுவான். எனக்காக நிற்காதீர்கள். நான் முழங்கை வரை தொட்டிக்குள் கையை விட்டு நின்றுகொண்டிருப்பேன், என்னோடு பேசிக்கொண்டிருக்கும்வரை உன் மாமியார் வாசலுக்குப் போகமாட்டார். பிறகு என்னை என்ன செய்துவிடப்போகிறார்கள். மாப்பிள்ளை வருவதற்குள் வந்தால் வருகிறேன், இல்லாவிட்டால் அவரோடு பேசிவிட்டு வருகிறேன். பயமாகத்தான் இருக்கிறது, பொய் சொல்லமாட்டேன். ஆனால் அது என் பயம். நீ அதைச் சுமக்கவேண்டாம்.

எனக்கு நிஜமாகவே கவலை வேறொன்றில் இருக்கிறது. அந்த அஞ்சாளை நம் கடைக்கு வந்தபோது என் கட்டைவிரல் தடிமன்தான் இருந்தது. நீ காலேஜ் விட்டு வந்து பையைக்கூடக் கழற்றாமல் அதற்குத் தீனி கொடுப்பாய். சின்னப் பிள்ளையிலிருந்தே கடையில் ஒரு மீன் செத்தாலும் சாப்பிடாமல் படுத்துக்கொள்வாய். புதன்கிழமை அது தலையை நீட்டி உன்னைப் பார்த்து மூச்சுக்குத் தவிக்கும்போது உன் கை தானாக அந்த ப்ளக்குக்குப் போகும். எனக்குத் தெரியும். நான் வந்தால் அதைக் காப்பாற்ற முடிந்ததைச் செய்வேன். முடியாவிட்டால் போகட்டும், அது செத்தாலும் பரவாயில்லை என்று, மீன் வளர்த்தே பிழைத்த உன் அப்பன் சொல்கிறேன். மோட்டாரைத் திரும்பப் போட்டுவிடாதே, கண்ணு. உன் காலில் விழுந்து கேட்கிறேன், போட்டுவிடாதே.

நாளைக்கு இந்தப் பொட்டலத்தை உன் கையில் கொடுக்கும்போது நான் உன் முகத்தைப் பார்க்கமாட்டேன். பார்த்தால் அங்கேயே உடைந்துவிடுவேன். இடுக்கியை வலப்பக்கத்துக்கே மாற்றி மாட்டிவிடு, யாருக்கும் சந்தேகம் வரவேண்டாம்.

முருகன் உன் கூடவே வாசல் வரை வரட்டும். அங்கிருந்து நாங்கள் இருக்கிறோம்.

உன்னைத் தப்பான இடத்தில் கொண்டுபோய் விட்ட,
அப்பா பாலுசாமி.

பின்குறிப்பு: வாசலில் செருப்புப் போட நிற்காதே. வாளி கொண்டுபோகிறவள் செருப்பு மாட்டினால் உன் மாமியாருக்குத் தெரிந்துவிடும். வெறுங்காலோடு வந்துவிடு. அம்மா நேற்றே உன் அளவில் ஒரு ஜோடி வாங்கி வண்டியில் வைத்துவிட்டாள்.