ஐந்து கையெழுத்தில் ஒன்று

வியாழக்கிழமை, இரவு.

ஊரெல்லாம் பணம் போட்டிருந்த அந்த நிதி நிறுவனம் பத்திரமானது என்று சான்று கொடுத்தது எங்கள் ஆபீஸ்தான். அந்த நிறுவனம் விழுந்தபோது வங்கிகளையும் சேர்த்துச் சாய்த்தது. இழப்பை ஈடுகட்ட இன்று புது வரி அறிவித்திருக்கிறார்கள்.

மாலையில் கிங்ஸ் சர்க்கிளில் பூ வாங்கினேன். தாராவியிலிருந்து வந்து பூ விற்கும் செல்வி முழம் போட்டுக்கொண்டே சொன்னாள்: "எல்லாரும் சேந்து தாங்கணுமாம்லக்கா. திங்கும்போது எங்கள ஒருத்தனும் கூப்பிடலயே? நல்ல கம்பெனின்னு கையெழுத்துப் போட்டவன் எவன்னு தெரிஞ்சா கேப்பேன்."

"ஆமாம்" என்று மட்டும் சொன்னேன். கையெழுத்துப் போட்ட ஐந்து பேரில் நானும் ஒருத்தி.

வீட்டுக்கு வந்ததும் மேலாளர் போன் செய்தார்.

"நாளைக்கு அதிகாரிகள் விசாரணைக்கு வரா. எல்லாரும் சேர்ந்துதான் முடிவு பண்ணினோம், ஞாபகம் வெச்சுக்கோ. சந்தேகமா இருக்குன்னு நீ எழுதின பழைய மெயிலை அழிச்சுடு."

"அழிக்கலேன்னா?"

"உன் பொண்ணு சயான்ல இருக்கற காலேஜுக்குத் தனியாத்தானே போறா?" என்று கேட்டுவிட்டுப் போனை வைத்தார்.

மெயிலை இன்னும் அழிக்கவில்லை. நாளை காலேஜுக்குப் போகாதே என்றால், ஏன் என்று கேட்பாள். சந்தேகப்பட்டும் கையெழுத்துப் போட்டேன் என்பதைத்தான் அவளிடம் முதலில் சொல்ல வேண்டியிருக்கும்.