இடம்பெயர்ந்தோர் என்று எழுதிய வீடுகள்

4 டிசம்பர் 1978, திங்கள்

மழை விட்டது. பனி மட்டும். சுவரில் ஈரம் இன்னும் காயவில்லை. வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். வெளியே சொல்ல ஆள் இல்லை, அதனால் இங்கே.

ஆய்வு அலுவலகத்தில் இன்று இனிப்பு. மலை ஊர்க் குழந்தைகளுக்குப் பால்மாவு கொடுத்துப் பார்த்தோமே, அந்தக் கட்டுரை மருத்துவ இதழில் வரப்போகிறது. 'மாவு குடித்த குழந்தைகளின் எடை கூடியது.' பெரிய டாக்டர் என் தோளில் தட்டினார். கட்டுரையில் என் பெயர் இல்லை. மழையில் மலையேறி எடை பார்த்தவன் நான், கணக்குப் போட்டவன் நான். போன வருடம் வந்து சேர்ந்த அவர் மைத்துனரின் பெயர் இரண்டாவதாக.

மைசூர்பாகு. பாறை. கடைவாய்ப் பல் வலி.

பொங்கலுக்குப் பிறகு ஜவ்வாது மலை முழுக்க இதே மாவு கொடுக்கப் போகிறார்கள். அரசாங்கம் ஒப்புக்கொண்டுவிட்டதாம்.

6 டிசம்பர், புதன்

வாங்க: மண்ணெண்ணெய். கிராம்புத் தைலம். கிறிஸ்துமஸ் நட்சத்திரத்துக்குக் கலர்க் காகிதம்.

பெரிய டாக்டர் (பெ.டா.) அறைக்குப் போனேன். முள் கட்டிய வீடுகளைப் பற்றி மறுபடியும் கேட்டேன்.

நாங்கள் போன மலை ஊர்களில் ஒரு வழக்கம். கைக்குழந்தை இறந்துவிட்டால் அடுப்பை அணைத்து, வாசலில் முள்ளைக் கட்டிவிட்டு, குடும்பமே சாமைக் கொல்லைக் குடிசைக்குப் போய்விடும். பொங்கலுக்குத்தான் வீடு திரும்பும். எடை பார்க்கப் போன நம் ஆட்கள் முள்ளைப் பார்த்தார்கள், 'இடம்பெயர்ந்தோர்' என்று எழுதிவிட்டுத் திரும்பினார்கள். இடம்பெயர்ந்தோர் கணக்கில் சேரமாட்டார்கள். ஆக, இறந்தது ஒன்றுகூடக் கணக்கில் இல்லை. பிழைத்ததை மட்டும் தராசில் வைத்தால் எடை கூடாமல் என்ன செய்யும்?

"நீங்க அறிக்கையில எழுதினீங்க, நான்தான் அத வெட்டிட்டேன். சடங்கு சமாச்சாரம் மருத்துவப் பத்திரிகைக்கு எதுக்குய்யா?" என்றார். "மாவுனாலதான் செத்துச்சுன்னு உங்களால நிரூபிக்க முடியுமா?"

முடியாது. மாவு கொடுக்காத ஊர்களிலும் முள் வாசல்கள் உண்டு. அங்கே குறைவு என்று என் ஞாபகம். ஞாபகம் கணக்கு ஆகாது. போய் எண்ணிவிட்டு வருகிறேன் என்றேன்.

"நல்ல சேதி வர்ற நேரத்துல அபசகுனமா வந்து நிக்கிறீங்க. பதவி உயர்வு வரலன்னு ரெண்டு வருஷமா மூஞ்சியத் தூக்கி வெச்சினு இருக்கீங்க. எனக்குத் தெரியாதா இன்னா?"

அதுவும் உண்மை. அதனால்தான் எரிந்தது.

9 டிசம்பர், சனி

தராசுகளை எடுத்துவரும் சாக்கில் மலைக்கு. அமிர்தி தாண்டியதும் குளிர். ஜீப் ஓட்டும் பாஷா: "சார், கொஞ்சம் சிரிங்க. உங்க மூஞ்சியப் பாத்து வண்டி மேடு ஏற மாட்டேங்குது."

வெள்ளச்சி கொல்லையில் சாமைக் கதிர் அடித்துக்கொண்டிருந்தாள். ஆவணியில் மகனை இழந்தவள். மாவு வாங்கிய வீடு. இப்போது மறுபடி வயிற்றில் ஒன்று. என்னைப் பார்த்ததும் கோணியை உதறிப் போட்டு உட்காரச் சொன்னாள்.

மாவை எப்படிக் கலக்கினாய் என்று கேட்டேன்.

"ஓடைத் தண்ணியிலதான் சார். வேலைக்கு ஓடற அவசரத்துல அடுப்ப யாரு மூட்டறது? காலையில கலக்கி வெச்சிட்டுப் போனா சாயங்காலம் வரைக்கும் குடிப்பான். ஆசையா குடிப்பான்."

"அப்புறம்?"

"வயித்தால போச்சு. நிக்கவே இல்ல."

கதிரைத் திருப்பிப் போட்டாள். அடித்தாள். பிறகு, "பொங்கல் கழிச்சு மறுபடியும் அந்த மாவு குடுப்பீங்களாமே, நெசமா? இதுக்கும் ஒரு டப்பா சொல்லி வெச்சிடுங்க சார்" என்று வயிற்றைத் தொட்டுக் காட்டினாள்.

சரிம்மா என்றேன்.

குடிசையிலிருந்து பார்த்தால் அவள் வீட்டுக் கூரை தெரிகிறது. இடம்பெயர்ந்தோர்.

11 டிசம்பர், திங்கள்

இதழின் ஆசிரியருக்கு நீளமாக ஒரு கடிதம். என் மனைவி ஸ்டெல்லா பள்ளிக்கூடம் கிளம்புமுன் நின்றபடியே படித்தாள்.

"இன்னாங்க இது? பக்கம் பக்கமா உங்க பேர வுட்டுட்டாங்கன்னுதான் இருக்குது. மைத்துனன் வர்றான், பதவி உயர்வு வருது. செத்த புள்ளைங்க எங்க?"

"படிச்சு முடி."

"நானே தேட வேண்டியிருக்குதே, அந்த ஆசிரியரு தேடுவாரா?"

கோபத்தில் சாப்பிடவில்லை. பிறகு சாப்பிட்டேன். கருவாட்டுக் குழம்பு.

13 டிசம்பர், புதன்

நல்ல வெயில். பல்வலி தேவலை.

மைத்துனர் பத்தியை அடித்தேன். பதவி உயர்வை அடித்தேன். மழையில் மலையேறியதை அடிக்கக் கை வரவில்லை, அடித்தேன். மிச்சம் ஒரு பக்கம். மாவை எந்தத் தண்ணீரில் கலக்குகிறார்கள் என்பது. ஊர்ப் பெயர்கள். முள் கட்டிய வாசல்களுக்குப் போய், இல்லாத குழந்தைகளையும் எண்ணும்வரை கட்டுரையை நிறுத்துங்கள் என்பது.

அடியில் என் பெயர். அதைப் பார்த்தால் ஆசிரியர் பெ.டா.வைக் கேட்பார். 'அவனா? வயித்தெரிச்சல்' என்பார் இவர். அத்தோடு சரி. வயிற்றெரிச்சல் இல்லை என்று நானும் சொல்ல முடியாது. பயமும் உண்டு, வேலை போய்விடும் என்று.

மொட்டைக் கடிதம் குப்பைக்கும் போகலாம். ஆனால் சந்தேகப்பட்டாவது யாராவது ஒருவர் மலையேறினால் போதும். பொங்கல் வரைக்கும் முள் வாசலிலேயே இருக்கும்.

இங்கே சந்தவாசல் தபால்காரருக்கு என் எழுத்து தெரியும். நாளை வேலூர் பஸ், அங்கே தபாலில் சேர்க்க. என் பெயரை அவர்கள் விட்டார்கள். இந்த முறை நானே விடுகிறேன். கையெழுத்து இல்லாமல்தான் போடுகிறேன்.