மாத்து ஆள்

ஜன. 5, திங்கள்

காலையில் பனி. பைக் சீட்டைத் துடைக்க மறந்து, நனைந்த பேண்ட்டோடு டூட்டி. ஈ.சி.ஜி. அறையில் ஏ.சி. வேறு.

இன்றைய வேலை:
– திரும்பி வந்த நெஞ்சுப் பெட்டியைக் கணினியில் ஏற்ற
– நைந்த ஒயருக்குப் பதில் கேட்க
– டீக்காரரிடம் சர்க்கரையைக் குறைக்கச் சொல்ல (மறுபடியும்)

பெட்டி எபனேசருடையது. மண்ணரைப் பக்கம் ஒரு பனியன் கம்பெனியில் காம்பாக்டிங் மெஷினில் நிற்பவர். துணிக்கு நீராவி அடிக்கும் வேலை. தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த குடும்பம். அப்பா துணி ரோலைத் தோளில் வைத்தபடியே பொத்தென்று விழுந்து செத்தார். நாற்பதுகூட ஆகவில்லை. எங்கள் ஆராய்ச்சிக்கு இந்த மாதிரிக் குடும்பங்கள்தான் வேண்டும். இதயத் தசை நோய் அப்பனிடமிருந்து பிள்ளைக்கு இறங்கும். அதனால் பிள்ளைகளைத் தேடிப் பிடித்து ஈ.சி.ஜி., ஸ்கேன், பிறகு ஒரு வாரம் நெஞ்சில் பெட்டி. ஒவ்வொரு துடிப்பும் அதில் பதியும். ஒழுங்காக ஓடும் பெட்டி எங்களிடம் ஒன்றுதான். முதலில் அண்ணன் எபனேசர். தம்பி ஜெபராஜ் பொங்கல் கபடிப் போட்டி முடிந்துதான் வருவானாம். ரெய்டு போகிறவன். அவன் நெஞ்சில் இன்னும் யாரும் கைவைக்கவில்லை.

ஓட்டிப் பார்த்தேன். ஆரம்பத்தில் கொஞ்ச நேரம் சுத்தம். பிறகு அலையின் வடிவமே வேறு. கடைசி நாள் மாலை, பகீர். இதயத்தின் கீழறை தறிகெட்டு ஓடியிருக்கிறது. திரை முழுக்க ரம்பப் பல். தானாக நின்றிருக்கிறது. நிற்காமலும் போயிருக்கலாம்.

டாக்டர் மேடத்திடம் காட்டினேன். ஸ்கேனில் தசை நன்றாக இருக்கிறதே, வடிவம் ஏன் மாறியது என்று கேட்டேன்.

"ஒட்டுற பட்டை இடம் மாறியிருக்கும். எக்ஸ்ட்ரா பட்டை நீங்கதானே குடுத்து விட்டீங்க?"

கொடுத்தேன். வேர்வையில் கழன்றால் அவரே ஒட்டிக்கொள்ளட்டும் என்று. அன்று க்யூ வாசல் வரைக்கும்.

"தசை நல்லாத் தெரியறப்பவே ஓட்டம் கெடறது உண்டு. அட்மிட் பண்ணுங்க. தோலுக்கடியில ஷாக் கருவி வெச்சாகணும்."

ஃபோன் போட்டேன்.

"ஏனுங்க எபனேசர், உங்க இதயம் எப்ப வேணா நின்னு போகுமுங்க. நாளைக்கே வந்து படுங்க."

மெஷின் இரைச்சல். பிறகு: "யாருக்கு, எனக்கா?"

"உங்களுக்குத்தானுங்க."

"நல்லாப் பாத்தியளா?"

"பொட்டியில இருக்குதுங்க."

சிரித்தார். சிரித்தபடியே வைத்துவிட்டார். சாகப் போகிறவன் சிரித்தால் எனக்கு எரிகிறது.

7, புதன்

நேற்று வரவில்லை. இன்றும் ஃபோன் எடுக்கவில்லை. மதியம் நானே மண்ணரைக்குப் போனேன்.

உள்ளே அனல். துணி குழாய் குழாயாக மெஷினுக்குள் போகிறது. நீராவி மூஞ்சியில் அடிக்கிறது. எபனேசர் என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். எனக்குப் பொறுமை கிடையாது. எல்லோர் முன்னாலும் கத்தினேன்: "மெஷின்லயே விழுந்து சாகப் போறீங்களாங்க?"

சூப்பர்வைசர் ஓடி வந்தார். "என்ன சேதிங்க தம்பி?"

சொன்னேன்.

"அய்யோ சாமி, விழுந்துகிழுந்து வெச்சா ஆருங்க பதில் சொல்றது? எபனேசரு, நீங்க ஊட்டுக்குப் போங்க. நான் மாத்து ஆளு போட்டுக்கறேன்."

இங்கே அப்படித்தான். மெஷின் நிற்கக் கூடாது. ஒருவன் வரவில்லையென்றால் அவன் தம்பியோ மச்சானோ வந்து நிற்பான். மெஷின் ஓடினால் போதும். நிற்கிற மூஞ்சியை யாரும் பார்ப்பதில்லை. எபனேசர் வேலையை விட்டு இறங்குவதற்குள் ஓர் ஒடிசாக்காரர் அந்த இடத்தில் நின்றுவிட்டார்.

எபனேசர் ஸ்பேனரை எடுத்து என் தலைக்கு வீசினார். காதோரம் காற்று. பின்னால் தகரம் நெளிந்தது.

"ஏலே, என் சோத்துல மண்ணப் போட்டுட்டியே! ஒன்ன விடமாட்டேம்லே!"

"நீங்க இருந்தாத்தானுங்களே என்னை உடாம இருப்பீங்க" என்றேன். கோபத்திலும் எனக்கு 'ங்க' போகாது. அந்த ஊர் ஆட்களுக்கு அது நக்கலாகத்தான் கேட்கும்.

9, வெள்ளி

இடது கண் திறக்கவில்லை. உதட்டில் தையல். ஆனாலும் எழுதிவிட வேண்டும்.

காலையில் முதல் ஆளுக்கு ஈ.சி.ஜி. எடுத்து முடித்த நேரம். கதவை உதைத்துக்கொண்டு எபனேசர். பின்னால், "அண்ணே, வேண்டாம்ணே" என்று சட்டையைப் பிடித்து இழுத்தபடி ஒரு பையன். ஜெபராஜ் என்று அப்போதுதான் தெரியும். பார்த்ததே இல்லை.

என் காலரைப் பிடித்துத் தலையைச் சுவரில் மோதினார். ஒருமுறை. இன்னொருமுறை.

"எந்தப் பொட்டியிலலே பாத்த? கட்டாத பொட்டியில நோயக் கண்டுபிடிச்சியோ? கருவி வெச்சுப் பழகுததுக்கு என் நெஞ்சுதான் கெடச்சுதோ?"

'கட்டாத' என்றது காதில் விழுந்தது. மண்டையில் ஏறவில்லை. முழங்காலால் வயிற்றில் விட்டேன். அவர் விடவில்லை. முகத்தில் குத்து. வாயில் உப்பு. நர்ஸ் மரகதம் அக்கா அலறல்: "அடிக்காதீங்க சாமி! ஏனுங்க, உடுங்க! செக்யூரிட்டீ!"

தம்பி இடையில் புகுந்தான். நல்ல பலம், அண்ணனை இடுப்போடு சேர்த்துக் கட்டித் தூக்கிவிட்டான். நான் விழாமலிருக்க எதையோ பிடித்தேன். அவன் சட்டை. பட்டன்கள் தெறித்தன.

அவன் நெஞ்சில் சதுரம் சதுரமாகச் சிவப்புத் தடங்கள். பசை அரித்துத் தோல் உரிந்திருந்தது. நான் பட்டை ஒட்டும் அதே இடங்கள். கோணம்கூட மாறவில்லை.

"இது யாரு ஒட்டுனது?"

ஜெபராஜ் வெட்கப்பட்டுச் சிரித்தான். "அண்ணனுக்கு ஸ்டீம்ல பொட்டி நனையும்லா சார். ஆஸ்பத்திரிய விட்டு வெளியே வந்ததும் கழத்தி எனக்கு ஒட்டிட்டான். அவனுக்கு மாத்தா நான் நின்னேன்."

எபனேசர் கை என் காலரில்தான். விரல் ஒவ்வொன்றாகத் தளர்ந்தது. மெதுவாகத் தம்பி பக்கம் திரும்பினார். அவருக்கும் அப்போதுதான் புரிந்தது.

ஜெபராஜ் மேஜையைப் பிடித்தான். கண் மேலே செருகியது. விழுந்தான். தாடை விளிம்பில் இடித்த சத்தம்.

நாடி இல்லை.

மேலே ஏறி அழுத்தினேன். சீக்கிரமே ஒரு விலா மளுக்கென்றது. நிறுத்தக் கூடாது, நிறுத்தவில்லை. அடுத்ததும் போயிற்று. என் வாயிலிருந்து ரத்தம் அவன் நெஞ்சில் சொட்டிக்கொண்டே இருந்தது.

"எலும்ப ஒடிக்கானே! கொல்லுதானே! யாராவது புடிங்கலே!" எபனேசர் என் தலைமுடியைப் பிடித்து இழுத்தார். இரண்டு செக்யூரிட்டிகள் அவரைக் கீழே தள்ளி மேலே உட்கார்ந்தார்கள். கீழே கிடந்தபடியே என் காலைக் கடித்தார். நிஜமாகவே கடித்தார்.

மேடம் ஓடி வந்தார். ஷாக். உடம்பு துள்ளி விழுந்தது. திரையில் அதே ரம்பப் பல். திங்கட்கிழமை பார்த்த அதே பல். மறுபடி அழுத்தம். மறுபடி ஷாக். முடி கருகிய நாற்றம். நேர்க்கோடு. ஒரு துடிப்பு. இன்னொன்று.

கண் திறந்ததும் ஜெபராஜ் செய்த முதல் காரியம், என் மூக்கில் ஒரு குத்து. பலமே இல்லை. அடி வாங்கி இவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை.

10, சனி

கால் கடிக்கு ஊசி. மனிதன் கடித்தாலும் போட வேண்டுமாம். மரகதம் அக்கா சிரித்துக்கொண்டே போட்டார். "நாய்க்கடியாட்டம் தொப்புளச் சுத்தி இல்லீங்க கண்ணு, பயப்படாதீங்க."

ஜெபராஜுக்கு ஸ்கேன். கீழறைச் சுவர் ஒரு பக்கம் மெலிந்து, தசை இருக்க வேண்டிய இடத்தில் கொழுப்பு. அப்பாவுக்கும் இதுவாகத்தான் இருந்திருக்கும்.

மேடம் கதவைச் சாத்திவிட்டுக் கத்தினார். யார் நெஞ்சு என்றே தெரியாமல் இன்னொருத்தனை அறுக்கப் பார்த்தோமே என்று. அலை மாறிய இடத்தில் பெட்டி ஆள் மாறியிருக்கிறது, அவ்வளவு எளிது. பார்த்தேன். கேட்டேன். பிறகு பதிலை விழுங்கிக்கொண்டு அடுத்த வேலைக்குப் போய்விட்டேன். இனி யாருக்கும் பட்டை கையில் கிடையாது. தினமும் இங்கே வந்துதான் ஒட்ட வேண்டும். க்யூ ரோடு வரைக்கும் நிற்கட்டும்.

வராண்டாவில் அவர்கள் அம்மா. எபனேசரைச் செருப்பால் அடித்துக்கொண்டிருந்தார். முகம், தோள், எங்கே பட்டாலும். யாரும் தடுக்கவில்லை.

"ஒருத்தன் நெஞ்சுக்கு இன்னொருத்தன் கட்டுவானால? அறிவு கெட்ட பயலே!"

"கம்பெனியில அப்படித்தானம்மா செய்யுதோம்" என்றார். கையைக்கூட உயர்த்தவில்லை.

போலீஸில் எழுதிக் கொடுக்கிறீர்களா என்று மேடம் கேட்டார். வேண்டாம் என்றேன். பெருந்தன்மை ஒன்றும் இல்லை. என்னை அடிக்க வந்த இடத்தில் ஷாக் மெஷின் இருந்தது. வராமலிருந்தால் அந்தப் பையன் பொங்கலுக்குப் பெருமாநல்லூர் மைதானத்தில் விழுந்திருப்பான். அங்கே மைக் செட்டும் சோடாவும்தான் இருக்கும்.

17, சனி

செவ்வாய்க்கிழமை ஜெபராஜுக்குக் கருவி வைத்தாயிற்று. பொங்கல் எனக்கு வார்டிலேயே. டீயில் சர்க்கரை இன்னும் அதிகம்தான்.

இன்று பைனல். டீம் பையன்கள் வீடியோ காலில் காட்டினார்கள். நான் கருவியைச் சோதிக்கப் போன நேரம் அவன் கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்து, "கால விடாத, கால விடாதலே! அமுக்கு!" என்று கத்திக்கொண்டிருந்தான். ஃபோனை வையுங்கள் என்றேன். கேட்கவில்லை. மானிட்டரில் ரம்பப் பல். நான் கையை நீட்டுவதற்குள் கருவி அடித்துவிட்டது.

அலறல் வார்டு முழுக்க. உடம்பு கட்டிலிலிருந்து எழும்பி விழுந்தது. சலைன் ஸ்டாண்டை உதைத்துச் சாய்த்தான். ஃபோன் என் நெற்றியில் வந்து விழுந்தது. நல்ல குறி.

"உள்ளருந்து எவனோ மிதிக்கான்! புடுங்கி எறிங்க சார்! வேண்டாம் எனக்கு!"

"புடுங்கினா செத்துப்போவீங்க."

"கபடி?"

"இனிமே கிடையாதுங்க. வாழ்நாளைக்கும்."

"அப்போ எதுக்குலே என்ன எழுப்புன?"

சாய்ந்த ஸ்டாண்டை நிமிர்த்தி வைத்தேன். மேடம் வந்து மருந்தைக் கூட்டினார். டீம் தோற்றதாக யாரோ சொன்னார்கள்.

ஈ.சி.ஜி. அறைக்குத் திரும்பினால் எபனேசர். சட்டையைக் கழற்றி முழங்கையில் போட்டு, விறைத்து நின்றார். உதட்டில் செருப்படிக் காயம்.

"அந்தப் பொட்டிய இப்ப எனக்குக் கட்டுங்க சார்."

ஒட்டினேன். மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். "தினமும் வரணுமுங்க" என்றேன். "மெஷின்தான் இல்லையே, வாரேன்."

24, சனி

வெயில் ஆரம்பித்துவிட்டது. பழைய ஒயர் அறுந்தேவிட்டது. புதியது இன்னும் வரவில்லை.

எபனேசர் ஒரு நாள் தவறாமல் வந்தார். இன்று பெட்டியைக் கழற்றியதும், நான் கேட்காமலே நெஞ்சைத் திருப்பிக் காட்டினார். சிவப்புத் தடங்கள், தம்பிக்கு இருந்த இடங்களிலேயே. "நான்தான் சார் கட்டுனேன். பாத்துக்கிடுங்க."

ஓட்டினேன். பின்னால் நின்றுகொண்டே இருந்தார், மூச்சு என் பிடரியில் பட. முழு வாரமும் சுத்தம். ரம்பப் பல் ஒன்றுகூட இல்லை.

"ஒண்ணுமில்லீங்க. உங்களுக்கு நல்லாத்தான் இருக்குது. மெஷினுக்குப் போலாம். லெட்டர் தர்றேன்."

அசையவில்லை.

"ஒண்ணுமேயா?"

"ஒண்ணுமே இல்லீங்க."

"நல்லாப் பாத்தியளா?"

அதே கேள்வி. அன்று சிரித்துக்கொண்டு கேட்டது. இன்று மானிட்டரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார், பிய்த்தெடுக்கப் போகிறவர் மாதிரி.

"எங்கயாச்சும் இருக்கும் சார். அவனுக்கு மட்டும் எப்படி? ஒரே அப்பனுக்குப் பொறந்தோம். எனக்கும் ஏதாச்சும் ஒண்ணு இருக்கும், தேடுங்க."

தன் நெஞ்சிலேயே குத்திக்கொண்டார். உரிந்த தடத்தின் மேல். மறுபடி. மறுபடி. தோல் பிளந்து ரத்தம். கையைப் பிடித்தேன், முடியவில்லை. மரகதம் அக்காவும் வந்து பிடித்தார்.

உட்கார வைத்தேன். பெட்டியை முதலிலிருந்து மறுபடி ஓட்டினேன், ஒவ்வொரு நாளாக, அவர் பார்க்கப் பார்க்க.

ஒன்றும் இல்லை.