மரவட்டில் வைத்த கிரீஸ்

சங்ககிரி,
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகன் இளஞ்செழியனுக்கு அம்மா சொல்லி எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் உன் தங்கையும் மாரியம்மன் புண்ணியத்தில் நலம், பூனாவில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டு நலமாயிருக்க வேண்டும். (எழுதும் கை ஷாலினியுடையது அண்ணா. அம்மா பெருமூச்சு விட்ட இடத்திலெல்லாம் கமா போட்டிருக்கிறேன்.) போனில் பேசினால் அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்து கேட்கிறார், அதனால்தான் கடிதம்.

ஜலகண்டாபுரத்தில் தறி ஓட்டும் ஜீவானந்தம், தன் தாத்தா காலத்துக் காரை நம் பட்டறையில் விட்டிருந்தாரே, அப்பா அதன் ஸ்பிரிங் பட்டைகளைக் கழற்றி வளைவெடுத்து மாட்டினார், அதுவரை சரி. ஷாக் அப்சார்பர்தான் வினையாயிற்று. அது இப்போது வருவதைப் போல எண்ணெய்க் குழாய் இல்லையாம், இரண்டு இரும்புக் கைகளுக்கு நடுவே மரவட்டு வைத்து இறுக்கியிருக்குமாம், அந்த உரசல்தான் ஸ்பிரிங்கின் ஆட்டத்தை அடக்குமாம். லாரியில் கிறீச்சென்றாலே கிரீஸ் வைத்துப் பழகிய கை அதிலும் வைத்துவிட்டது. எடப்பாடி தாண்டி வேகத்தடையில் ஏறி இறங்கிய கார், துள்ளல் நிற்காமல் பள்ளத்தில் சாய்ந்து, ஓட்டிவந்த ஜீவானந்தத்துக்குத் தோள் எலும்பு முறிந்தது. அன்றிலிருந்து அப்பா பட்டறைக்குப் போகவில்லை, லாரிக்காரர்கள் ஹாரன் அடித்துப் பார்த்துவிட்டுத் திரும்பினார்கள், சோற்றைப் பிசைவாரே தவிர வாயில் வைக்க மாட்டார். (பட்டறைக்கு ஒழுங்காக வந்தது நாய் மட்டும்தான்.)

தோள் கூடியதும் ஜீவானந்தமே காரை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்து நின்றார். வேறு ஆளைப் பாருங்கள் என்று அப்பா தலையைக் குனிந்துகொண்டார். அதற்கு அவர், "கழட்டுன கையே மாட்டோணுமுங்கண்ணா, நாந்தான் ஓட்டுவேன்" என்றார். அப்பா கிரீஸ் ஊறிய வட்டுகளை எறிந்துவிட்டு, புதிதாய்க் கடைந்த வட்டுகளைக் எண்ணெய்ப் பசை துளியும் இல்லாமல் துடைத்து இறுக்கினார். ஆனால் தான் ஏறிப் பார்க்காமல் அவரை ஏறவிடவில்லை. நம் பட்டறைக்கு வரும் லாரி டிரைவர் சின்னராஜ் ஓட்ட, அப்பா பின்சீட்டில் உட்கார்ந்து, "நீயும் ஏறு புள்ள, லோடு பத்தாது" என்று என்னைக் கூப்பிட்டார். இத்தனை நாளில் அவர் பேசிய முதல் கேலி அதுதான், அதற்காகவே ஏறினேன். வேகத்தடையில் வண்டி ஒருமுறை அமுங்கி எழுந்து நின்றுவிட்டது. அப்பா இறங்கிய பிறகுதான் என் கையை விட்டார்.

முருகன் உனக்குத் துணையிருப்பான் சாமி, நன்றாயிரு. போன் பண்ணும்போது இதை நீயாகக் கேட்காதே. அவராகச் சொன்னால் முதல்தடவை கேட்பதுபோலக் கேள்.

உன் அம்மா
சாரதாமணி