செருப்பின் அளவுக்கு வெட்டிய பாதம்

அப்பாவுக்கு, நைல் ஆற்றின் பிலே தீவிலிருந்து மூத்தவன் பனூபி வணங்கி எழுதுவது. இசிஸ் தாயின் சன்னதியில் தினமும் உங்கள் பெயரையும் அம்மா பெயரையும் சொல்லிவிட்டுத்தான் உளியைத் தொடுகிறேன். உங்கள் முட்டிவலி தேவலையா? நான் சுகம்.

யாத்திரை வருகிறவர்கள் தங்கள் பாதத்தின் வடிவத்தைக் கோயில் கல்லில் வெட்டச் சொல்வார்கள். ஊர் திரும்பினாலும் தாயின் முன்னால் நின்றுகொண்டே இருக்கலாமாம். நேற்று ஒரு படகுக்காரன் வந்து செருப்போடு காலை வைத்தான். இடது வாரில் ஒரு சிவப்புத் தோல் ஒட்டு. என் உளிப்பையிலிருந்து நான் வெட்டித் தைத்தது. போன மாதம் தம்பி பெத்தேசி ஊருக்குப் படகேறியபோது போட்டிருந்த செருப்பு.

"இது ஏதுப்பா?" என்றேன்.

"ஆறு குடுத்துச்சுண்ணே. தாயோட பரிசு! எனக்குன்னே அளவெடுத்த மாதிரி இல்ல?"

குதிகாலுக்குப் பின்னால் இரண்டு விரல் இடம் மிச்சம் இருந்தது. செருப்பின் அளவுக்கே வெட்டினேன். அவன் தன் பெயரைச் சொன்னான். கீழே எழுத்தை வெட்டினேன். வாசிக்கத் தெரியாதவன், தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் போனான்.

தம்பி செருப்பை விற்றுக் குடித்திருப்பான், அவன் குணம் தெரியாதா? திட்டாதீர்கள். கை வெடித்திருக்கிறது, ஆமணக்கெண்ணெய் வேண்டும். அவனிடமே கொடுத்தனுப்புங்கள். அம்மாவுக்கு இதை வாசித்துக் காட்ட வேண்டாம்.

கடிதம் கொண்டுபோகிறவர் அவசரப்படுத்துகிறார். அப்பா, அந்தக் கல்லில் நான் வெட்டியது தம்பியின் பெயர். அவன் வீட்டில் இருந்தால் ஒரு வரி எழுதுங்கள், அன்றைக்கே சுரண்டிவிடுகிறேன்.