அவளிடம் கேட்காமல் போட்ட வீடியோ

மார்ச் 14, வெள்ளி

நான் வேலை செய்யும் விழா அலங்காரக் கடைக்காக, ஒரு பிள்ளையைப் பல்லக்கில் தூக்கி வரும் பூப்புனித நீராட்டு விழா வீடியோவை இன்ஸ்டாகிராமில் போட்டிருந்தேன். தாயிடம் கேட்டுத்தான் போட்டேன். கடையின் எந்தப் பதிவையும் இவ்வளவு பேர் பார்த்ததில்லை.

"போன் ஓயேல்லை, பிள்ளை! எல்லாருக்கும் அந்தப் பல்லக்குத்தான் வேணுமாம். மார்க்கெட்டிங் படிச்ச ஆளெண்டா சும்மாவே!" என்று கடைக்கார அண்ணை காலை முழுக்க என்னிடம் சொல்லிச் சிரித்தார்.

பின்னேரம் அந்தப் பிள்ளை பள்ளிச் சீருடையோடு தனியாகக் கடைக்கு வந்தாள்.

"வகுப்பில எல்லாற்ற போனிலயும் நான்தான், அக்கா. ஏன் என்னட்டக் கேக்கேல்லை?"

அண்ணை முந்திக்கொண்டு பதில் சொன்னார். "வடிவாத்தானே இருக்கிறீர். இப்ப அதை அழிக்க ஏலாது, ஓர்டர் வருது."

நான் பெரியபிள்ளையானபோது எடுத்த என்னுடைய சடங்கு ஆல்பம் அம்மாவின் அலுமாரிக்குள் இருக்கிறது. அதை நான் ஒருவருக்கும் காட்டியதில்லை.

வீட்டுக்கு வந்ததும் அண்ணையைக் கேட்காமலே வீடியோவை அழித்துவிட்டேன். நாளைக்கு வேலை இருக்குமோ தெரியாது. பிறகும் மனம் ஆறாமல் தேடிப் பார்த்தேன். வேறொரு அலங்காரக்காரர் அதே வீடியோவைத் தன் பக்கத்தில் போட்டிருக்கிறார். எங்கள் கடைப் பெயரை மட்டும் வெட்டியிருக்கிறார். அவளுடைய முகம் அப்படியே இருக்கிறது.