கவிழ்த்து வைத்த கிண்ணங்கள்

ஹேசான் சபை
மார்ச் 6, 2011

கர்த்தருக்குள் அன்பான மெங் அம்மாவுக்கு,

சுகமா? முழங்கால் எப்படி இருக்கிறது? மகன் வீட்டில் லிப்ட் இருப்பது பெரிய நிம்மதி. போனில் உங்களுக்குக் காது கேட்காது என்பதால் எழுதுகிறேன்.

முப்பத்தொரு வருடம் ஞாயிறுதோறும் ஆராதனை முடிந்ததும் எல்லாருக்கும் கடற்பாசி சூப் ஊற்றிய கை உங்களுடையது. நீங்கள் இன்சியோன் நகரத்துக்குப் போன பிறகு அந்தக் கரண்டியைப் பிடிக்க ஆளில்லை. நானும் ஒரு முடிவு எடுத்தேன். நம் ஜனங்கள் வசனத்துக்கு வருகிறார்களா, சூப்புக்கு வருகிறார்களா என்ற சந்தேகம் இங்கே போதகராக வந்த நாளிலிருந்தே எனக்கு உண்டு. சமையலறை இப்போது வேதபாட அறை. ஆளுக்கொரு நோட்டு கொடுத்திருக்கிறேன். எத்தனை அதிகாரம் வாசித்தார்கள், எத்தனை நாள் அதிகாலை ஜெபத்துக்கு வந்தார்கள் என்று எழுதித் தரவேண்டும். வாராவாரம் நானே பார்க்கிறேன். ஆரோக்கியமான சபை என்றால் பாலை விட்டுப் பலமான ஆகாரத்துக்கு வரவேண்டும் அல்லவா?

கிண்ணங்களை ஊர்ப் பொதுமன்றத்துக்குக் கொடுத்துவிட்டோம். அவற்றில் ஏழெட்டு எப்போதும் தொடுவாரில்லாமல் அலமாரியில் கவிழ்ந்தேதானே கிடந்தன.

ஜெபத்துடன்,
போதகர் பியோ கியோங்சு

---

இன்சியோன்
ஏப்ரல் 3, 2011

அன்புள்ள போதகர் ஐயாவுக்கு மெங் போக்ரே எழுதுவது,

ஸ்தோத்திரம். என் முழங்கால் இருக்கும் இடத்தில் இருக்கிறது. மருமகள் நல்ல பெண்தான், சூப்பில்தான் உப்பே போடமாட்டாள்.

கிண்ணங்களைக் கொடுத்துவிட்டீர்களாமே! அடப்பாவமே, என்னிடம் ஒரு வார்த்தை கேட்கக்கூடாதா? ஒவ்வொன்றின் அடியிலும் ஆணியால் பேர் கீறியிருப்பேன், பார்க்கவே இல்லையா? வந்தவர்கள் அவரவர் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு வரிசையில் நிற்பார்கள். வராதவர் கிண்ணம் கவிழ்ந்தே கிடக்கும். பாத்திரம் கழுவி முடித்ததும் அந்தக் கிண்ணங்களில் சூப் ஊற்றி மூடி, அந்தந்த வீட்டுக்கு எடுத்துப் போவேன். காய்ச்சலா, சண்டையா, கோபமா என்று வாசலிலேயே தெரிந்துவிடும். "ஞாயிறு மத்தியானம் வீடு வீடாப் போய் ஊர்வம்பு அளக்குற சகோதரிகள்" என்று நீங்கள் ஒருமுறை பிரசங்கத்தில் சொன்னீர்களே, அது என்னைத்தான் என்று தெரிந்து வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன்.

பாங் சங்தோல் ஐயாவை மட்டும் விட்டுவிடாதீர்கள். மனைவி போன பிறகு தனிக்கட்டை. அவர் சூப்புக்குத்தான் வருகிறார், நான் இல்லையென்று சொல்லவில்லை. ஒருநாள் கேட்டே விட்டேன். "ஆண்டவர் எனக்காக வர்றாரு, நான் சூப்புக்காக வர்றேன். நடுவுல உனக்கென்ன?" என்றார்.

இங்கே பெரிய சபை. ஐந்தாம் மாடியில் உட்கார்ந்து திரையில் பார்க்கிறேன். போதகரின் மூக்கில் இருக்கும் மச்சம்கூட எனக்குத் தெரிகிறது, அவருக்குத்தான் என்னைத் தெரியாது. பானையைத் திரும்ப ஏற்றுங்கள் ஐயா.

உங்கள் ஊழியத்துக்காக ஜெபிக்கும்,
மெங் போக்ரே

---

ஹேசான்
ஜூன் 26, 2011

அன்பான மெங் அம்மாவுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்துக் கொஞ்சம் வருத்தப்பட்டேன், மறைப்பானேன். சூப் ஊற்றுவது நல்ல காரியம்தான். ஆனால் சபை சாப்பாட்டுக்கடை இல்லையே.

நாற்பத்து மூன்று பேர் இருந்தோம், இப்போது இருபத்தாறு. பதர் பறக்கும், கோதுமை தங்கும். தங்கியவர்கள் நோட்டை ஒழுங்காக எழுதுகிறார்கள். பாங் ஐயா நோட்டை வெறுமையாகவே திருப்பிக் கொடுத்தார். "இதுல என்னத்த எழுத? காலைல கஞ்சி குடிச்சேன்னு எழுதவா?" என்று எல்லார் முன்னாலும் கேலி வேறு. இரண்டு வாரமாக ஆளையே காணோம். பதிவில் அவர் பேருக்கு நேராக, அனலுமில்லை குளிருமில்லை என்ற அர்த்தத்தில், "வெதுவெதுப்பு" என்று குறித்திருக்கிறேன்.

போதகர் பியோ

---

இன்சியோன்
ஜூன் 30, 2011

போதகர் ஐயாவுக்கு,

நலம் விசாரிக்க நேரமில்லை. பாங் ஐயா இரண்டு ஞாயிறு வராமல் இருக்கிற ஆள் இல்லை. கோபம் என்றால் நேரில் வந்து திட்டிவிட்டுத்தான் போவார். இந்தக் கடிதம் கைக்கு வந்ததும் செருப்பை மாட்டிக்கொண்டு போங்கள். நாளைக்கு வேண்டாம், இன்றைக்கே.

மெங் போக்ரே

---

ஹேசான்
ஜூலை 17, 2011

மெங் அம்மா,

உங்கள் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. ஞாயிறு பிரசங்கம் எழுதிக்கொண்டிருந்தேன். காணாமல் போன ஆட்டைப் பற்றி. முடித்துவிட்டுப் போகலாம் என்று சனிக்கிழமை போனேன்.

கதவைத் தட்டினேன். உள்ளே மின்விசிறி ஓடும் சத்தம் கேட்டது. "பாங் ஐயா, உள்ள இருந்துகிட்டே கதவத் திறக்க மாட்டீங்களா? போதகர்னா அவ்வளவு இளக்காரமா?" என்று வாசலில் நின்று சத்தம் போட்டேன். திரும்பி வந்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை அந்தப் பிரசங்கத்தைச் செய்தேன். திங்கட்கிழமை ஊர்த்தலைவர் கதவை உடைத்தார்.

பல நாள் காய்ச்சலில் படுத்த படுக்கையாக இருந்தாராம். உயிர் போனது புதன் அல்லது வியாழன் என்று மருத்துவர் சொல்கிறார். உங்கள் கடிதம் வந்த அன்று அவர் உயிரோடு இருந்தார், அம்மா.

அடக்கத்தில் யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. இந்த ஞாயிறு ஒன்பது பேர். நீங்கள் திரும்பி வந்தால் சபை பிழைக்கும். உங்கள் பேச்சைக் கேட்பார்கள். வருவீர்களா?

கியோங்சு

---

இன்சியோன்
ஆகஸ்ட் 7, 2011

போதகர் ஐயாவுக்கு,

மூன்று நாள் அழுதேன். பாங் ஐயாவின் கிண்ணத்தில் ஒரு நெளிவு இருக்கும், கை வைத்தாலே தெரியும்.

நான் வரமாட்டேன். முழங்கால் ஒரு காரணம், ஆனால் அதைச் சொல்லி மழுப்ப மாட்டேன். எனக்கு உங்கள்மேல் ஆத்திரம். இன்றைக்கே போங்கள் என்று எழுதினேனே, இரண்டு தெரு தள்ளித்தானே வீடு! மன்னிக்கச் சொல்லி வேதம் சொல்கிறது, தெரியும். என் மனசு கேட்கவில்லை.

இங்கேயும் ஒன்றும் வாழவில்லை. ஐந்து ஞாயிறாக நான் ஆராதனைக்குப் போகவில்லை, ஏன் என்று கேட்க நாதியில்லை. சபையில் எங்கள் வட்டாரத் தலைவி என் பேருக்கு நேராக வந்ததாகவே குறி போட்டுவிடுகிறாளாம். "உங்களுக்கு எதுக்கு அத்த கெட்ட பேருன்னுதான்" என்று மருமகள் சொல்கிறாள். செப்டம்பரில் மகனும் மருமகளும் வேலைக்காக வியட்நாம் போகிறார்கள். தனியாக இருப்பது எனக்குப் புதிதா என்ன?

இனி எழுதவேண்டாம். எழுதினால் பதில் போடாமல் இருக்க மனசு வராது, போடவும் வராது.

மெங் போக்ரே

---

ஹேசான்
நவம்பர் 27, 2011

மெங் அம்மா,

வேண்டாம் என்றும் எழுதுகிறேன். அக்டோபரிலிருந்து இது மூன்றாவது கடிதம்.

பொதுமன்றத்தில் கெஞ்சிக் கிண்ணங்களைத் திரும்ப வாங்கி வந்தேன். இன்று நானே சூப் காய்ச்சினேன். ஆறு பேர். "போதகரே, கடல் தண்ணியையே கொதிக்க வச்சுட்டீங்களா?" என்று கேட்டார் ஒருவர். யாரும் சிரிக்கவில்லை. முப்பத்தேழு கிண்ணங்கள் கவிழ்ந்து கிடந்தன, நெளிந்ததும் அதில் ஒன்று. எந்த வீட்டுக்கு முதலில் போவதென்று தெரியாமல் நின்றேன். போன வீடுகளில் நன்றி சொல்லி வாங்கிக்கொண்டார்கள், உள்ளே கூப்பிடவில்லை. கிறிஸ்துமஸோடு இந்தச் சபையை மூடுவதாக மேலிடம் முடிவு செய்துவிட்டது. நான் எதிர்த்துப் பேசவில்லை.

கழுவி அடுக்கும்போது உங்கள் பேர் கீறிய கிண்ணமும் கைக்கு வந்தது.

உங்கள் வீட்டுப் போன் மணி அடித்து அடித்து ஓய்கிறது. காது கேட்காததால்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். அந்தப் பெரிய சபைக்கும் போன் போட்டேன். ஒரு பெண் பதிவைப் பார்த்துவிட்டு, "மெங் போக்ரேவா? ஒரு ஞாயிறுகூட விடாம வர்றாங்களே, நல்ல விசுவாசி" என்றாள். வராவிட்டாலும் வந்ததாகக் குறி போடுகிறார்கள் என்று நீங்கள் எழுதியது ஞாபகம் வந்தது, உடனே பஸ் நேரம் விசாரித்தேன்.

நாளை முதல் பஸ்ஸில் வருகிறேன். கடிதத்துக்கு முன்னால் நான் வந்துவிடுவேன். ஆனாலும் எழுதாமல் இருக்க முடியவில்லை. பலமாகத் தட்டுவேன், பக்கத்து வீட்டார் வந்து திட்டும்வரை தட்டுவேன். என்னை மன்னிக்க வேண்டாம். கதவைக்கூடத் திறக்க வேண்டாம். "போய்த் தொலைடா"ன்னு உள்ளேயிருந்து ஒரு சத்தம் போடுங்கள் அம்மா, அது போதும். உங்கள் கிண்ணத்தில் கொண்டுவரும் சூப்பை வாசலில் வைத்துவிட்டுத் திரும்பிவிடுவேன்.

கியோங்சு